ஆறு வாரம் மீன் இல்லாத மீன் தொட்டி

பள்ளி விடுமுறைக்குக் கோலாலம்பூரிலிருந்து எங்கள் தோட்டத்து வீட்டுக்கு வந்த பேத்தி, காரிலிருந்து இறங்கும்போதே மடியில் ஒரு பிளாஸ்டிக் பையை அணைத்துக்கொண்டிருந்தாள். பைக்குள் ஆரஞ்சு நிறத்தில், வெள்ளைப் பட்டையோடு இரண்டு கோமாளி மீன்கள். வரும் வழியில் ஒரு பட்டணத்துக் கடையில் மருமகன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். நாற்பது லிட்டர் கண்ணாடித் தொட்டி, ஒரு பொட்டலம் கடலுப்பு, வெள்ளை மணல், வடிகட்டி, மீன் என எல்லாம் ஒரே ரசீதில். அன்று சாயங்காலமே உப்பைக் கரைத்து, மீனை விட்டு, விளக்கையும் போட்டாகிவிட்டது. கேமரன் மலையில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே, எங்கள் கூடத்தில் ஒரு துண்டுக் கடல்!

ஐந்தாம் நாள் காலையில், "தாத்தா, இது ஏன் இவ்வளவு வேகமா மூச்சு விடுது?" என்று கேட்டாள். தண்ணீர் பளிங்குபோல் இருந்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் ஒன்று, அதற்கடுத்த நாள் இன்னொன்று. சம்பங்கிச் செடியடியில் புதைத்தோம்.

பதில் தெரியவில்லை என்று சொன்னது முழு உண்மையல்ல. முப்பது ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். நைட்ரஜன் சுழற்சியை எத்தனை முறை கரும்பலகையில் வரைந்திருப்பேன்! மாடு, புல், இடி மின்னல், மண், அம்புக்குறிகள். அந்த அம்புக்குறிகளில் ஒன்று நடக்கப் பல வாரம் ஆகும் என்பதை ஒருநாளும் நான் சொன்னதில்லை. எனக்கே அது உறைக்கவில்லை. அந்த இரண்டு மீன்களும் செத்தது அந்த ஓர் அம்புக்குறியில்தான்.

மீன் தன் கழிவு நைட்ரஜனின் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனியும் அழுகி அம்மோனியாவாகிறது. கடலில் அது கரைந்து போய்விடும். நாற்பது லிட்டரில் எங்கே போகும்? நீரில் அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கும். அம்மோனியம் அயனியாக இருந்தால் அவ்வளவு கேடில்லை. அயனியாகாத அம்மோனியாவாக இருந்தால் செவுளைப் புண்ணாக்கி மீனைத் திணறடிக்கும். எந்த வடிவம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது நீரின் பிஎச் அளவு. நன்னீர்த் தொட்டியில் பிஎச் 7 அளவில் இருந்தால் நச்சு வடிவம் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. கடல்நீரின் பிஎச் 8.2, அங்கே அது பத்து மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. தங்கமீன் வளர்த்த அனுபவத்தில் "இதுவும் அப்படித்தானே" என்று கடல்நீர்த் தொட்டியில் இறங்குகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்.

இந்த அம்மோனியாவை ஒரு வகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்றும். வேறொரு வகை, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் ஓரளவு சேர்ந்தாலும் மீன் தாங்கும். அவ்வப்போது நீர் மாற்றினால் போதும். (நைட்ரைட், நன்னீர் மீனின் இரத்தத்தைப் பழுப்பாக்கிக் கொல்லும். கடல்நீரில் நிறைந்திருக்கும் குளோரைடு அதை உடலுக்குள் அதிகம் நுழைய விடாது என்பது கடல்மீன் வளர்ப்போருக்கு ஒரு சின்ன ஆறுதல்.) புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் பெயருக்குத்தான் இருக்கும். மணலிலும் பாறையிலும் வடிகட்டிப் பஞ்சிலும் அவை ஒட்டிப் பெருகி, தினமும் உண்டாகும் அம்மோனியாவை அன்றன்றே தீர்க்கும் அளவுக்கு வர வேண்டும். அதைத்தான் மீன் வளர்ப்பவர்கள் தொட்டி 'சைக்கிள்' ஆவது என்கிறார்கள்.

இருபது நாள் காத்திருந்தவர்கள்

இதற்கு எத்தனை நாள் ஆகும் என்பது இன்று நேற்றுத் தெரிந்ததல்ல. 1877-இல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர், மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய ஒரு நீண்ட கண்ணாடிக் குழாய் வழியே சாக்கடை நீரைச் சொட்டுச் சொட்டாக இறக்கினார்கள். அம்மோனியா நைட்ரேட்டாவது வெறும் வேதிவினை என்றுதான் அப்போது பலரும் நினைத்தார்கள். வேதிவினையானால் முதல் நாளே நடக்க வேண்டும். நடக்கவில்லை. இருபது நாள் வரை உள்ளே போன அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. அதன்பிறகுதான் நைட்ரேட் தலைகாட்டியது. குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், மாற்றம் நின்றது. பின்பு சிறிது தோட்ட மண்ணைக் கலக்கிய நீரை ஊற்றினார்கள்; மறுபடி தொடங்கியது. மயக்க மருந்துக்கு மயங்குவது கல்லும் மணலுமா? உயிர்தான்.

பேத்தியின் மேசை மேல் இருந்ததும் மணல் நிரப்பிய ஒரு கண்ணாடிப் பாத்திரம்தான். அந்தப் பிரெஞ்சுக்காரர்கள் இருபது நாள் காத்திருந்தார்கள். நாங்கள் இருபது நிமிடம்கூடக் காத்திருக்கவில்லை.

இந்த நுண்ணுயிர்களைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டியவர் ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி, 1890-இல். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல், அம்மோனியாவைத் தின்பவை எல்லாம் பாக்டீரியாதான் என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. 2005-இல் அதைப் புரட்டிப்போட்ட உயிர் எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? அமெரிக்காவின் சியாட்டில் மீன்காட்சியகத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டியிலிருந்து! நைட்ரோசோபியூமிலஸ் மரிட்டிமஸ் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அது பாக்டீரியாவே அல்ல, ஆர்க்கியா என்ற வேறொரு குலம். அதன் உறவினர்கள் உலகக் கடல்களில் மிகப் பெருந்தொகையில் வாழ்பவை என்பதும் தெரியவந்தது. மீன் தொட்டி என்பது பணக்காரர் வீட்டு அலங்காரம் என்று முகம் சுளிப்பவர்களிடம் நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு.

தேயிலைத் தோட்டத்தில் வாழ்கிற நமக்கு இது அந்நியமான சங்கதியே அல்ல. நம் செடிக்குப் போடும் அம்மோனியம் சல்பேட் உரத்தில் 21 விழுக்காடு நைட்ரஜன். தேயிலைக்கு அம்மோனியமாகவே உண்பதில்தான் விருப்பம். அதற்குள் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் ஒரு பங்கைப் பிடித்து நைட்ரேட்டாக்கிவிடுகின்றன. அந்த வினையில் அமிலமும் உண்டாகிறது. தேயிலை மண் ஆண்டுக்கு ஆண்டு புளித்துக்கொண்டே போவதற்கு இது ஒரு காரணம். அவ்வளவு புளித்த மண்ணிலும் வேலை செய்யும் ஒரு பாக்டீரியாவை ஜப்பானின் தேயிலைத் தோட்ட மண்ணிலிருந்து பிரித்தெடுத்து 2017-இல் அறிவித்தார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் தோட்டத்து மண்ணை அள்ளிக் கடல்நீர்த் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். உப்பு நீரில் அந்த நுண்ணுயிர்கள் தாக்குப்பிடிக்காது. வேலை ஒன்றே ஆனாலும் ஆட்கள் வேறு.

உறைமோரும் மலைக் குளிரும்

தயிருக்கு உறை குத்தத் தெரிந்தவர்களுக்குத் தொட்டி சைக்கிள் ஆவதை விளக்கவே வேண்டியதில்லை. பால் இருக்கிறது, பாத்திரம் இருக்கிறது. உறைமோர் வேண்டும், வெதுவெதுப்பு வேண்டும், நேரம் வேண்டும். தொட்டிக்கு உறைமோர் என்பது, ஏற்கெனவே நன்றாக ஓடும் ஒரு கடல்நீர்த் தொட்டியிலிருந்து கொஞ்சம் மணல், ஒரு துண்டுப் பாறை, வடிகட்டிப் பஞ்சின் ஒரு பகுதி. கடையில் புட்டியில் விற்கும் பாக்டீரியாவும் உண்டு. சில நன்றாக வேலை செய்கின்றன. வெயிலில் நின்ற லாரியில் வெந்து வந்த புட்டியானால் அதில் இருப்பது வெறும் தண்ணீர்தான்.

வெதுவெதுப்பு என்றேனே, அதுதான் நம் மலையில் சிக்கல். இங்கே மாவு புளிக்க ஒரு ராத்திரி போதாது என்று எந்த அக்காவைக் கேட்டாலும் சொல்வார்; மாவுப் பானையை அடுப்புப் பக்கம் நகர்த்தி, துண்டு சுற்றி வைப்பார்கள். குடலில் வாழும் சாதாரண பாக்டீரியா, வசதியான சூழலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். நைட்ரஜன் வேலைக்காரர்கள் அப்படியல்ல. இரட்டிக்க அரை நாள், ஒரு நாள், சமயத்தில் அதற்கும் மேல் எடுத்துக்கொள்வார்கள். அதுவும் 25 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில். தானா ராத்தாவில் இரவு 16 பாகைக்கு இறங்கும்போது அவர்கள் போர்வைக்குள் சுருண்டுவிடுகிறார்கள். கீழே கோலாலம்பூரில் கடல்நீர்த் தொட்டி வைப்பவர்கள் நீரைக் குளிர்விக்க இயந்திரம் வாங்குகிறார்கள். நமக்கு வேண்டியது ஹீட்டர். அதை மீன் வரும் அன்று மாட்டலாம் என்று விட்டுவிடக் கூடாது. காலித் தொட்டிக்குத்தான் முதலில் சூடு வேண்டும்.

இனி நான் இரண்டாம் முறை செய்ததைச் சொல்கிறேன். செத்த மீன்களின் தொட்டியைக் கழுவிவிட்டு, அதே நாற்பது லிட்டரில் தொடங்கினேன்.

முதலில் தண்ணீர். மழைநீர் தூய்மையானது என்று பிடித்து வைக்கத்தான் எனக்கும் கை போனது. ஆனால் லயத்து வீடுகளின் கூரை துத்தநாகம் பூசிய தகரம். அதில் வழிந்து வரும் நீரில் துத்தநாகம் கலந்திருக்கும். இறால், நத்தை, பவளம் போன்ற முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு அது நஞ்சு. செடிகளுக்கு அடித்த மருந்தின் துளிகளும் காற்றோடு வந்து கூரையில் படிந்திருக்கலாம். ஆகவே எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் வடித்த நீரைத்தான் வாங்கினேன். சமையல் உப்பு உதவாது. கடலுப்பில் சோடியம் குளோரைடு மட்டுமல்ல, மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், பைகார்பனேட் எல்லாம் கணக்கான விகிதத்தில் வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் சொச்சம், நாற்பது லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. மிதவைமானியில் 1.025 காட்டினால் சரி.

அடுத்து, நுண்ணுயிர்களுக்குத் தீனி. ஓர் இறால் துண்டைப் போட்டு அழுக விடுவது பழைய வழி. வீடே நாறும். நான் நவச்சாரத்தைப் பயன்படுத்தினேன். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருப்பார்களே, அதுதான். ஆனால் அந்தக் கட்டி வேண்டாம், ஆய்வகத் தரத்தில் தூய அம்மோனியம் குளோரைடாக வாங்க வேண்டும். நாற்பது லிட்டருக்குக் கால் கிராம் போட்டால் அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் நிற்கும். அள்ளிப் போட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்று நினைக்க வேண்டாம். 5 மில்லிகிராமைத் தாண்டினால் அந்த நுண்ணுயிர்களே திணறும். விளக்கை அணைத்தே வைத்தேன். எரிந்தால் பாசிக்குத்தான் கொண்டாட்டம்.

பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை சோதனைக் குழாயில் நீரெடுத்துச் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பது. அம்மோனியா இருந்தால் பச்சை, இல்லையென்றால் மஞ்சள். முதல் இரண்டு வாரம் பச்சை, பச்சை, பச்சை. பேத்தி தொலைபேசியில், "இன்னிக்கு என்ன கலர் தாத்தா?" என்பாள். மூன்றாம் வாரத்தில் பச்சை வெளுத்தது, நைட்ரைட் சோதனை ஊதாவாயிற்று. அந்த ஊதா போவேனா என்று கிடந்தது. நைட்ரைட்டைத் தின்பவை தாமதமாக வருவதும், மெதுவாகப் பெருகுவதும் இயல்புதான். ஆறாம் வாரக் கடைசியில், கால் கிராம் நவச்சாரம் போட்டு இருபத்து நான்கு மணி நேரத்தில் இரண்டு சோதனையும் சுழியம் காட்டின. தொட்டி தயாராகிவிட்டதற்கு அதுதான் அடையாளம். நாள்கணக்கு அடையாளம் அல்ல. நல்ல உறைமோர் கிடைத்தால் மூன்று வாரத்திலும் முடியலாம்.

சின்னத் தொட்டிக்கு இன்னொரு தொல்லை உண்டு. ஹீட்டர் போட்ட நீர், குளிர்ந்த அறையில் மளமளவென்று ஆவியாகும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். நாளைக்கு அரை லிட்டர் குறைந்து, ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் உவர்ப்பு 35-இலிருந்து 38-க்கு மேல் போய்விடும். குறைந்ததை நன்னீரால் நிரப்ப வேண்டும், உப்பு நீரால் அல்ல. நான் முதல் வாரம் உப்பு நீரைத்தான் ஊற்றினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உயரத்தையும் மறக்கக் கூடாது. 1500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. 26 பாகைக் கடல்நீர் கடற்கரையில் லிட்டருக்கு 6.6 மில்லிகிராம் அளவு ஆக்சிஜனைத் தாங்கும் என்றால், இங்கே 5.6-தான் தாங்கும். மீனுக்கும் ஆக்சிஜன் வேண்டும், நைட்ரஜன் நுண்ணுயிர்களுக்கும் வேண்டும். நீரின் மேற்பரப்பு எப்போதும் கலங்கிக்கொண்டே இருக்கட்டும். மின்வெட்டுக்கு மின்கலத்தில் ஓடும் காற்றுக் குழாய் ஒன்றும் இருக்கட்டும்.

கடைக்காரரிடம் ஒரு வழக்கு

இத்தனை மெனக்கெடல் எதற்கு, விலை குறைந்த ஒரு மீனை முதலில் விட்டால் அது விடும் அம்மோனியாவிலேயே தொட்டி சைக்கிள் ஆகிவிடுமே என்பார்கள். நீலநிற டாம்செல் மீன்களை இதற்கென்றே விற்பதுண்டு. முரட்டு மீன், தாங்கிக்கொள்ளும். தாங்கிக்கொள்ளும் என்றால் சாகாது என்றுதான் பொருள். செவுள் வேகாது என்று பொருளல்ல. கால் கிராம் நவச்சாரம் செய்யும் வேலைக்கு ஓர் உயிரை ஆறு வாரம் அம்மோனியாவில் ஊறவைப்பதை நான் ஏற்க மாட்டேன். பிழைத்துவிட்டாலும் அது அந்தச் சின்னத் தொட்டிக்குத் தானே ராஜா என்று, பிறகு வருகிற மீனையெல்லாம் விரட்டும்.

கடைக்காரர் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. தொட்டியை விற்றுவிட்டு, "ஆறு வாரம் கழித்து வாங்க" என்றால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். குழந்தை அழும். ஆனாலும் நான் கேட்பது இதைத்தான்: தொட்டியும் மீனும் ஒரே நாளில், ஒரே ரசீதில் விற்கக் கூடாது. நீரின் சோதனை முடிவைக் காட்டினால்தான் கடல்மீன் தருவோம் என்று கடைகள் தாங்களாகவே ஒரு வழக்கத்தைக் கொண்டுவரட்டும். சோதனை மருந்தும் நவச்சாரமும் விற்றால் அவர்களுக்கும் வரும்படிதான்.

நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம், அந்த மீன்கள் பலவும் கடலில் பிடிபட்டவை. 1960-களில் பிலிப்பீன்ஸில், பாறை இடுக்கில் சோடியம் சயனைடைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் பழக்கம் தொடங்கிப் பிற நாடுகளுக்கும் பரவியது. பவளத்துக்கும் அது நஞ்சு. நம் பகாங் மாநிலத்தின் ஒரு கோடியில் இந்தத் தேயிலை மலை, மறு கோடியில் தியோமான் தீவின் பவளப்பாறைகள். அந்தப் பாறைகளின் கடற்சாமந்திகளுக்குள் இதே கோமாளி மீன் வாழ்கிறது. தியோமான் கடற்பூங்காவாக 1994-இல் அறிவிக்கப்பட்டது. கடற்பூங்காவில் அனுமதியின்றி மீன் பிடிப்பதும் பவளம் எடுப்பதும் 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். சுற்றுலா போனபோது அழகாக இருந்தது என்று ஒரு கல்லைப் பையில் போட்டு வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கோமாளி மீன் விஷயத்தில் நல்ல வழி ஒன்று இருக்கிறது. அது தொட்டியிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். தமிழ்நாட்டில் பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடலுயிரியல் உயராய்வு மையம் இம்மீன்களைப் பொரிப்பகத்தில் வளர்த்துக் காட்டியிருக்கிறது. "இது பண்ணையில் பிறந்ததா, கடலில் பிடித்ததா?" என்று கடையில் கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.

கடைக்காரரைவிட எனக்குப் பள்ளிகள் மேல்தான் ஆதங்கம் அதிகம். மலையிலுள்ள நம் தமிழ்ப்பள்ளிகளில் ஒரு வகுப்புக்குப் பத்துப் பிள்ளைகள்கூட இல்லாத இடங்கள் உண்டு. அதை நினைத்து வருந்துகிறோம். ஒரு தொட்டியைச் சுற்றி மொத்த வகுப்பும் நிற்கலாம் என்பதை நினைப்பதில்லை. மீனே வேண்டாம். ஆறு வாரம் காலித் தொட்டி, சோதனைக் குழாய், ஒரு நோட்டுப் புத்தகம். பச்சை வெளுக்கும் நாளையும் ஊதா எழும் நாளையும் பிள்ளைகள் வரைபடமாக வரையட்டும். உப்பு வாங்கக் காசில்லை என்றால் நன்னீரிலேயே செய்யலாம், பாடம் ஒன்றுதான். பிறகு, நன்னீருக்கும் பொருந்துகிற அதே சோதனை மருந்துகளோடு பெர்த்தாம் ஆற்றங்கரைக்கும் ரிங்லெட் ஏரிக்கும் போகலாம். 1963-இல் முடிந்த சுல்தான் அபு பக்கார் அணையின் ஏரி அது. மேலேயுள்ள காய்கறித் தோட்டங்களிலிருந்து வழியும் உரமும், குடியிருப்புகளின் கழிவும், மண்ணும் அங்கேதான் வந்து சேர்கின்றன. ஆற்றின் எந்த வளைவில் அம்மோனியா கூடுகிறது, எங்கே நைட்ரேட் ஏறுகிறது என்று பத்து வயதுப் பிள்ளை தன் கையால் அளந்து எழுதினால், அந்த நோட்டுப் புத்தகத்தை மாவட்ட அலுவலகத்து மேசையில் வைத்துப் பேசலாம்.

மலையுச்சியில் கடல் எதற்கு என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார். ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர், 1960-களின் தொடக்கத்திலேயே, கடலிலிருந்து எடுத்த பாறையும் காற்றுக் குமிழியும் மட்டும் வைத்துப் பவளத்தோடு தொட்டி நடத்தி உலகத்தை வியக்க வைத்தார். அவருக்குக் கடல் பக்கத்தில், வெயிலும் இலவசம். நமக்கு ஹீட்டருக்கு மின்கட்டணம் வேறு. அண்ணன் கேட்டது நியாயமான கேள்விதான். சோதனைக் குழாயைப் பிடிக்க நேரமில்லாதவர்கள் கப்பி மீனோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. அதிலும் முதல் சில வாரம் இதே அம்மோனியா காத்திருக்கிறது.

அடுத்த விடுமுறைக்குப் பேத்தி வந்தபோது தொட்டியில் மீன் இல்லை. மணலும் பாறையும் மட்டும். முகம் சுருங்கியது. சோதனைக் குழாயைக் கையில் கொடுத்தேன். எட்டுச் சொட்டு விட்டு, குலுக்கி, ஐந்து நிமிடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றாள். மஞ்சள். நோட்டில் தேதி போட்டு எழுதினாள். மறுநாள் காலை, பண்ணையில் பிறந்த ஒரு ஜோடியை வாங்க மலையிறங்கினோம். பையை மடியில் வைத்துக்கொள்ளவில்லை. குளிர்ப் பெட்டிக்குள் வெந்நீர்ப் புட்டியோடு வைத்து, வளைவுக்கு வளைவு மூடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள்.